வீட்டில் கோர்செட் தைக்கத் தேவையான பொருள்கள்

கோர்செட் என்பது மார்புப் பகுதியிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை உடலை இறுக்கிப் பிடித்து வடிவம் தரும் ஐரோப்பிய உடையாகும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பெண்களின் அன்றாட உள்ளாடையாக இது இருந்தது. 1910களுக்குப் பின் இதன் வழக்கு குறைந்தது. இன்று நாடக உடை, மணப்பெண் உடை, பழங்கால உடைகளை மீண்டும் தைத்துப் பார்க்கும் ஆர்வம் ஆகியவற்றுக்காகப் பலர் இதை வீட்டிலேயே தைக்கின்றனர். தமிழில் இதைக் 'கச்சு' என்று எழுதுவதுண்டு. ஆனால் கச்சு துணியால் ஆன மார்புக்கட்டு. கோர்செட்டோ உள்ளே செருகிய விறைப்பான கீற்றுகளால் நிற்பது.

சாதாரண ரவிக்கையின் தையல் அதிக இழுவையைத் தாங்க வேண்டியதில்லை. கோர்செட் அணிந்திருக்கும் நேரம் முழுவதும் அதன் துணி குறுக்குவாட்டில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். எனவே வீட்டில் தைத்த கோர்செட் வீணாவதற்குத் தையல் குறையைவிடப் பொருள் தேர்வே பெரும்பாலும் காரணமாகிறது. துணி நெகிழ்ந்து இடுப்பு அளவு பெருகும், கண்ணி வளையம் பிய்ந்து வரும், அல்லது கீற்றின் முனை துணியைக் கிழித்துக்கொண்டு உடலைக் குத்தும்.

வாங்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்குவது பண விரயமாக முடியலாம். முதலில் தேவைப்படுபவை அளவு வரைபடமும் (பேட்டர்ன்) மலிவான காடாத் துணியும் மட்டுமே. காடாவில் ஒரு மாதிரியைத் தைத்து, முதுகில் தற்காலிகமாக நாடா கோத்து, உடலில் இறுக்கிப் பார்த்துத் திருத்த வேண்டும். கீற்றுகளின் நீளமும் முன்பக்கக் கொக்கிப் பட்டையின் நீளமும் இந்தத் திருத்தத்துக்குப் பிறகே உறுதியாகும். உட்காரும்போது பட்டை தொடையில் இடிக்கிறதா என்பதையும் மாதிரியிலேயே பார்த்துவிடலாம்.

துணி

கோர்செட்டுக்கென்றே நெய்யப்படும் துணி 'கூட்டில்' எனப்படுகிறது. இது நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. பெரும்பாலும் மீன்முள் போன்ற சாய்கோட்டு நெசவு கொண்டது. பாவிலும் ஊடையிலும் எளிதில் நெகிழாதது இதன் சிறப்பு. ஏறத்தாழ 150 செ.மீ. அகலமுள்ள துணியில் 1 மீட்டர் வாங்கினால் நடுத்தர அளவுள்ள ஒருவருக்கு இரண்டு அடுக்குகள் வெட்டலாம். கூட்டில் கிடைக்காத ஊரில், நெருக்கமாக நெய்த கனமான பருத்தி ட்ரில் துணி ஓரளவு ஈடு செய்யும். 'ஸ்ட்ரெட்ச்' கலந்த ஜீன்ஸ் துணி எவ்வளவு தடிப்பாகத் தெரிந்தாலும் உதவாது. கடையில் துணியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரு கைகளால் இழுத்துப் பார்ப்பதே நல்ல சோதனை.

பட்டு, சாட்டின், புரோக்கேட் போன்றவை வெளி அழகுக்கு மட்டுமே. அவற்றை உறுதியான துணியின் மேல் ஒட்டுத் துணியால் இணைத்துத் தைப்பர். செலவைக் குறைக்க விரும்புவோர் இந்த மேல் துணியில் குறைக்கலாம். உள் அடுக்கில் குறைக்கக் கூடாது. இடுப்புக் கோட்டில் உள்ளே வைத்துத் தைக்க, 2 முதல் 2.5 செ.மீ. அகலமுள்ள நெகிழாத நாடா ஒன்றும் வேண்டும். இழுவையின் பெரும்பங்கை அதுவே ஏற்கிறது.

கீற்றுகள்

ஆங்கிலத்தில் இவற்றை எலும்பு என்ற பொருளில் 'போன்' என்கின்றனர். பழைய கோர்செட்டுகளில் பயன்பட்ட 'திமிங்கில எலும்பு' உண்மையில் எலும்பன்று. சிலவகைத் திமிங்கிலங்கள் கடல்நீரிலிருந்து இரையை வடிகட்டும் பலீன் தகடுகளே அவை. நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை. வேட்டையால் திமிங்கிலங்கள் குறைந்து பலீனின் விலை ஏறியபோது மாற்றுப் பொருள்கள் தேடப்பட்டன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு வாரன் என்பவர் 1880களில் வான்கோழி இறகின் தண்டிலிருந்து 'ஃபெதர்போன்' தயாரித்தார். பின்னர் எஃகு பரவலானது.

இப்போது கிடைக்கும் எஃகுக் கீற்றுகள் இருவகை. தட்டையானவை முன்னும் பின்னும் மட்டும் வளையும். கண்ணி வளையங்களின் இருபுறமும் நேராக நிற்க இவை தேவை. சுருள் கம்பியாலானவை பக்கவாட்டிலும் வளைவதால் இடுப்பின் வளைவான தையல்களுக்குப் பொருந்தும். பொதுவான அகலம் 6 அல்லது 7 மி.மீ. வெட்டிய முனைகளுக்கு உலோகத் தொப்பி மாட்டாவிட்டால் சில நாளில் துணி கிழியும். செயற்கைத் திமிங்கில எலும்பு என்ற பெயரில் விற்கப்படும் ஜெர்மன் பிளாஸ்டிக் கீற்றைக் கத்தரியாலேயே வெட்டலாம். மின்சாமான் கடையில் கிடைக்கும் தடித்த கேபிள் டைகளும் முதல் முயற்சிக்குப் போதும். துணிக்கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் போனிங் மட்டும் வேண்டாம். உடல் சூட்டில் மடங்கி அப்படியே நின்றுவிடும்.

கொக்கிப் பட்டை, கண்ணிகள், நாடா

முன்புறம் திறந்து மூட உதவும் இரு எஃகுப் பட்டைகளுக்கு 'பஸ்க்' என்று பெயர். ஒன்றில் குமிழ்களும் மற்றொன்றில் வளையங்களும் இருக்கும். இதை வீட்டில் செய்வது கடினம்; வாங்குவதே நல்லது. பஸ்க் கிடைக்காதபோது முன்பக்கத்தை மூடியே தைத்து, முதுகு நாடாவை முழுவதும் தளர்த்தி அணியலாம்.

முதுகில் ஏறத்தாழ 2.5 செ.மீ. இடைவெளியில் 24 முதல் 28 கண்ணிகள் வரும். 5 மி.மீ. துளையுள்ள, பின்புற வாஷருடன் கூடிய இருபகுதிக் கண்ணிகளையே கேட்டு வாங்க வேண்டும். வாஷர் இல்லாதவை இழுவையில் கழன்றுவிடும். துணியில் துளையை வெட்டாமல் குத்தூசியால் இழைகளை விலக்கி உண்டாக்கினால் பிடிப்பு உறுதியாக இருக்கும். ஆகவே குத்தூசி, கண்ணி அடிக்கும் அச்சு, சுத்தியல் ஆகியவை கருவிப் பெட்டியில் இடம்பெறும்.

மற்றவை வழக்கமான தையல் பொருள்களே: நல்ல பாலியெஸ்டர் நூல், 90 அல்லது 100 எண் எந்திர ஊசி, ஓரம் கட்டக் கிராஸ் பீஸ், கீற்றுகளைச் செருகும் குழலுக்கு நாடா. 7 மி.மீ. கீற்றுக்குக் குழல் 10 மி.மீ. அளவில் இருந்தால் எளிதாக நுழையும்.

முதுகில் கோக்க வழுக்காத, நீளாத பின்னல் நாடா 6 மீட்டர் வாங்கலாம். இடுப்பருகே இரு கண்ணிகளில் நீண்ட வளையங்களாக விட்டால், அணிபவர் பிறர் உதவியின்றித் தாமே இழுத்து இறுக்க முடியும்.