பயிர் கலைக்கும் மூளை

மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் மரபணுக்களையும் இல்லாதவர்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், வேறுபாடு மிகப் பலமாகத் தெரிகிற இடம் எது? மூளைக்கென்று பேர்போன மரபணு எதுவும் அல்ல. ஆறாவது குரோமோசோமில், கிருமிகளை எதிர்க்கும் மரபணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு வட்டாரம். மனதின் நோய்க்கு அங்கே என்ன வேலை என்று ஆய்வாளர்கள் சில வருடங்கள் திகைத்தார்கள்.

விடையின் ஒரு பகுதி 2016இல் வந்தது. ஹார்வர்டில் ஸ்டீவன் மெக்கரோல், அஸ்வின் சேகர் குழுவினர் ஏறத்தாழ 65,000 பேரின் மரபுத் தகவலை அலசி, அந்த வட்டாரத்தில் உள்ள சி4 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். விசித்திரமான மரபணு இது. உங்களிடம் இருக்கும் அதன் படிகளின் (நகல்களின்) எண்ணிக்கையும் என்னிடம் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதில் சி4ஏ, சி4பி என்று இரண்டு வகை; புரதத்தில் நான்கே நான்கு அமினோ அமிலங்கள்தான் மாறுகின்றன. சில படிகள் குட்டை, சில நீளம். அந்தக் கூடுதல் நீளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் மூதாதையர் உடலில் எந்தக் காலத்திலோ நுழைந்து, மரபணுத் தொகுதியிலேயே குடியேறிவிட்ட ஒரு வைரஸின் எச்சம்! எத்தனை படி, எந்த வகை, நீளமா குட்டையா என்பதைப் பொறுத்து மூளையில் சி4ஏ உருவாகும் அளவு கூடிக் குறைகிறது. கூடுதலாக உருவாகும் அமைப்பு உள்ளவர்களிடம் நோய்க்கான வாய்ப்பும் கூடுதல்.

உடலில் சி4 புரதத்தின் வழக்கமான வேலை, கிருமிகளின் மேல் 'இதை அழிக்கலாம்' என்று அடையாளம் குத்த உதவுவது. மூளையோ அதே முத்திரையை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. வளரும் மூளை, நரம்பணுக்கள் சந்திக்கும் இணைப்புகளை (சினாப்ஸ்) தேவைக்கு மிஞ்சி உருவாக்குகிறது. நெருக்கமாக விதைத்துவிட்டுப் பிறகு பயிர் கலைக்கிற விவசாயி மாதிரி, அதிகம் பயன்படாதவற்றைப் பின்னால் நீக்குகிறது. முத்திரை விழுந்த இணைப்புகளை மைக்ரோகிளியா எனப்படும் காவல் அணுக்கள் விழுங்கிவிடும். சி4 இல்லாத எலிகளில் இந்தக் கலைப்பு குறைந்தே நடந்தது.

மூளையின் முன்பகுதியில் இந்த வேலை பதின்ம வயதில் மும்முரமாகி இருபதுகளிலும் நீள்கிறது. மனச்சிதைவு பெரும்பாலும் தலைகாட்டுவதும் இதே வயதில். கலைப்பு அளவு மீறுவதுதான் கோளாறோ என்று ஆய்வாளர் இர்வின் ஃபைன்பெர்க் 1980களின் தொடக்கத்திலேயே கேட்டிருந்தார். மரபணு எதுவும் கையில் இல்லாத நாட்களில் எழுந்த அந்த ஊகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஆனால் சி4 ஒன்றே நோயைக் கொண்டுவந்துவிடாது. வாழ்நாளில் ஆயிரம் பேரில் சுமார் 10 பேருக்கு வருகிற நோய், ஆபத்தான சி4 அமைப்பு உள்ள ஆயிரம் பேரில் 12 அல்லது 13 பேருக்கு வரலாம், அவ்வளவுதான். 2022இல் வெளியான பெரிய ஆய்வு, மரபணுத் தொகுதியில் 287 இடங்களைச் சுட்டியது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பங்கு தனித்தனியே இம்மிதான். விதிவிலக்குகள் உண்டு: 22ஆம் குரோமோசோமில் குறிப்பிட்ட ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. மறுபக்கம், ஒரே மரபணுக்களைப் பகிரும் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், பாதிக்கும் மேற்பட்ட ஜோடிகளில் மற்றவர் தப்பிவிடுகிறார்.

இந்த மரபணு ஆய்வுகளில் இன்னொரு குறை: தகவல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. 2019இல் சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் இந்தியர்களிடம் தேடியபோது, எட்டாவது குரோமோசோமில் ஒரு தடயம் கிடைத்தது. இந்த முறையும் வழி திறந்தது எதிர்பாராத திசையில்தான்: அங்கே இருந்த மரபணு, பி3 வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் ஒரு நொதிக்கானது.