வாசல் கோலமும் உடம்புக் காவலும்



"உடம்புலதான் தெம்பு இருக்கே, தினமும் மாத்திரை எதுக்கு?" என்று எச்.ஐ.வி. உள்ளவர்கள் சிலர் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நம் உடம்புக்குச் சொந்த எதிர்ப்புச் சக்தி உண்டு, நிஜம்தான். ஆனால் அது எச்.ஐ.வி.யிடம் எங்கே ஏமாறுகிறது என்று தெரிந்துகொண்டால் மாத்திரையின் அருமை புரியும்.

ரோந்து போகும் செல்

ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு 'இயற்கைக் கொல்லி செல்' என்று பெயர். 1975-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் வைத்த பெயர் இது. சுருக்கமா என்.கே. செல்.

ஊரில் ரோந்து வருபவர் வாசலில் கோலம் இருந்தால், வீட்டில் எல்லாரும் நலம் என்று தாண்டிப் போவார். கோலம் இல்லாவிட்டால் 'என்னமோ ஏதோ' என்று நிற்பார், இல்லீங்களா? நம் செல்களின் மேல்புறம் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. அதுதான் கோலம். அது சரியாக இருந்தால் என்.கே. செல் தொடாது. கோலம் குறைந்து, ஆபத்து அடையாளமும் தெரிந்தால், அந்தச் செல்லோடு ஒட்டிக்கொண்டு துளை போட்டு, அழிக்கும் புரதங்களை உள்ளே செலுத்தும். கெட்டுப்போன செல் செத்துவிடும்.

எச்.ஐ.வி. செய்யும் தந்திரம்

எச்.ஐ.வி. முக்கியமாக சி.டி.4 செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. இதைப் பிடிக்க 'டி' கொல்லி செல் என்று இன்னொரு காவலும் உண்டு. கோலத்தின் நடுவில் வைரஸின் துண்டு தெரிகிறதா என்று அது பார்க்கும். அதனிடம் மாட்டாமலிருக்க, எச்.ஐ.வி. 'நெஃப்' என்ற புரதத்தைக் கொண்டு எச்.எல்.ஏ.வில் ஏ, பி வகைகளைக் குறைத்துவிடும். மொத்தமா அழிச்சா என்.கே. செல் பிடிச்சிடுமே! அதனால் சி வகையை நெஃப் தொடுவதில்லை. அரைக்கோலத்தைப் பார்த்து என்.கே. செல் பல நேரம் ஏமாந்துபோகிறது.

எப்பவும் ஏமாறுவதில்லை. எச்.ஐ.வி.க்கு எதிராக உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகும். நோயுள்ள செல்லின் மேல் அது ஒட்டினால், அதைப் பிடித்துக்கொண்டு என்.கே. செல் தாக்கும்.

மாத்திரை ஏன் வேண்டும்?

சில செல்களுக்குள் வைரஸ் தூங்கிக் கிடக்கும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. எந்தக் காவலுக்கும் அகப்படாது. மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும், தூங்குவதை அழிக்காது. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகும். சிகிச்சையே இல்லாவிட்டால் நாளடைவில் என்.கே. செல்களும் பலம் இழக்கும். சத்தான சாப்பாடு அவசியம்தான். ஆனால் எந்தப் பொடியும் லேகியமும் மாத்திரைக்கு ஈடாகாது.

நாம் செய்ய வேண்டியவை

* அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்; முடிவு ரகசியம். கர்ப்பிணிகள் கட்டாயம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சிகிச்சை எடுத்தால் குழந்தையைக் காப்பாற்றலாம்.
* ஏ.ஆர்.டி. மருந்து 2004 முதல் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது.
* சந்தேகமா? 1097-க்குப் போன் செய்யுங்கள்.
* பக்கத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பரவாது. பாகுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

மாத்திரை சாப்பிடும் சகோதரி நம் குழுவிலும் இருக்கலாம். யாரென்று தேட வேண்டாம். அவர் பயமில்லாமல் கூட்டத்துக்கு வரவும், மருந்து வாங்கப் போகும் நாளில் கேள்வி கேட்காமல் விடவும் நம்மால் முடியும்.