புலி இல்லாத நாட்டின் வெண்கலப் புலிகள்: பழைய ஜப்பானியச் சிலையை அடையாளம் காண்பது எப்படி?

கேமரன் மலையில் கொழுந்து பறிக்கும் சரிவுகளைத் தாண்டினால் தித்திவாங்சா மலைத்தொடரின் காடு. மலாயாப் புலியின் வீடு அது. ஜப்பான் காடுகளிலோ புலியே கிடையாது. ஆனாலும் பழம்பொருள் ஏலங்களில் ஜப்பானிய வெண்கலப் புலிகளுக்குத் தனி மவுசு. இது எப்படி?

வாள் போச்சு, விலங்கு வந்தது

1876-ல் ஜப்பானிய அரசு, சாமுராய்கள் பொது இடத்தில் வாள் ஏந்தத் தடை போட்டது. வாளுக்கு நுண்ணிய உலோக வேலைப்பாடு செய்தவர்களின் பிழைப்பு போச்சு. அதேநேரம், 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பியர்கள் ஜப்பானியக் கலைப்பொருட்களைத் தேடி வாங்கினார்கள். அதனால் அந்தக் கைகள் யானை, கழுகு, புலி செய்யத் திரும்பின. கென்ரியூசாய் செய்யா பெயர் பொறித்த புலிகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன.

ஜப்பானின் பழைய ஓவியர்கள் புலித்தோலையும் பூனையையும் பார்த்துத்தான் புலி வரைந்தார்கள். 1882-ல் டோக்கியோவில் உவேனோ மிருகக்காட்சிசாலை திறந்த பிறகே, வெளிநாட்டு விலங்குகளை நேரில் பார்ப்பது எளிதானது.

எப்படிச் செய்தார்கள்?

மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் வெண்கலத்தை ஊற்றுவார்கள். நம்ம சுவாமிமலை முறைதான். ஆனால் சுவாமிமலைச் சாமி சிலை உள்ளே கெட்டி. ஜப்பானிய விலங்கு பெரும்பாலும் உள்ளே வெற்றிடம்.

அசலா, போலியா?

சிலையைத் திருப்பி அடிவயிற்றைப் பாருங்கள்; கலைஞரின் முத்திரை இருக்கலாம். அதை மட்டும் நம்பிடாதீங்க, முத்திரையையும் போலியாகப் போடலாம். தேய்ந்த இடத்தில் பொன் அல்லது செம்பு நிறம் தெரிந்தால் வெண்கலமாக இருக்கலாம். வெள்ளைச் சாம்பல் நிறம் என்றால் மலிவான துத்தநாகக் கலவையாக இருக்கலாம்.

முக்கியமாக, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ச்சிடாதீங்க! அந்தப் பழுப்பு நிறம் அழுக்கல்ல, கலைஞரே ஏற்றிய நிறம். அது போனால் மதிப்பும் போச்சு.

தப்பிய சிலைகள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கோயில் மணிகளையும் சிலைகளையும்கூட உருக்கியது. 1934-ல் வைத்த ஹச்சிகோ நாயின் சிலையும் போர்க்காலத்தில் உருக்கப்பட்டது. இப்போது ஷிபுயாவில் நிற்கும் ஹச்சிகோ, போருக்குப் பின் புதிதாக வார்த்தது. அதே போர்தான் மலாயாத் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனது.

வெண்கலப் புலி உருகினால் மறுபடி வார்க்கலாம். தித்திவாங்சா புலிக்கு அந்த வசதி இல்லை. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, மலேசியக் காடுகளில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு.