மேல்மடையும் கடைமடையும்

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்யும்பொழுது நான் முதலில் கவனிப்பது ஒன்றுண்டு. வரவு ஒருவர் பெயரிலும் அதற்குரிய செலவு வேறொருவர் பெயரிலும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே அது. இக்கண்கொண்டு நொய்யல் ஆற்றின் வரலாற்றை நோக்கினால், நெசவாளரும் விவசாயிகளுமாகிய அங்கத்தினர் கற்கவேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யல். மழைக்காலத்தில் மட்டுமே பெருகும் இவ்வாற்றின் இயல்பை நம் முன்னோர் அறிந்திருந்தனர். குறுக்கே அணைக்கட்டுகள் அமைத்து, வாய்க்கால் வெட்டி, வெள்ளத்தைக் குளங்களுக்குத் திருப்பினர். ஒரு குளம் நிரம்பினால் கலிங்கு வழியே மிகுநீர் வெளியேறும். இதனால் வெள்ளத்தின் வேகம் தணிந்தது, கிணறுகளும் ஊறின. பிற்காலத்தில் குளங்கள் தூர்ந்தன, வாய்க்கால்கள் ஆக்கிரமிக்கப்பட்டன. போக்கிடம் இழந்த வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. 2011 நவம்பரில் திருப்பூரின் ஓடைக்கரைக் குடியிருப்புகளைத் தாக்கி உயிர்களையும் பறித்தது.

வெள்ளம் வடிந்துவிடும், உப்பு வடிவதில்லை. பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு வேண்டும். லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை இடுவதுண்டு. சாயம் நூலில் தங்கும். உப்போ கழிவுநீரோடு வெளியேறிவிடும். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்காகக் கட்டிய அணை 1992-இல் நிறைவுற்றது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன. அணைநீரை எதிர்பார்த்திருந்த உழவர்களே அணையில் நீரைத் தேக்கவேண்டாம் என்று மன்றாடும் விபரீதம் நேர்ந்தது.

நெசவாளரும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டுறவு வாரவிழா ஒன்றில் முதியவர் ஒருவர் எழுந்து, “சாயத் துணிக்குத் தள்ளுபடி இருக்குதுங்க, எங்க கெணத்துக்கு என்னங்க இருக்குது?” என்று கேட்டார். மேடையிலிருந்த எவருக்கும் விடை வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஆயக்கட்டு உழவர்கள் சங்கமாகத் திரண்டு நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடலாகாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சாயச்சாலைகளை மூடும்படி உத்தரவாயிற்று. பல்லாயிரம் தொழிலாளரின் பிழைப்பு தடைப்பட்டது. கடைமடையின் துயரம் மேல்மடைக்கும் வந்தது.

சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. நுண்சவ்வு வழியே அழுத்தி நீரைப் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்கவேண்டும். சிறு சாயச்சாலை தனித்து இச்செலவைத் தாங்க இயலாது. பல சாலைகள் பங்கு சேர்த்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே வழிகாட்டின. அங்கே நீரும் உப்பும் மீட்கப்பட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே செல்கின்றன. தனியொருவருக்கு மலையாக நிற்பது பலர் கைகூடினால் மடுவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குளங்களின் திருத்தமும் அவ்வாறே. 2013-இல் கோவை உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரப் பொதுமக்கள் திரண்டு வந்தனர். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கி, பணிகளை விவசாயிகளின் சங்கங்களிடமே ஒப்படைத்தது. குளத்து வண்டல் வயலுக்கு எரு. தோண்டிய பள்ளம் வெள்ளத்திற்கு இடம்.

நெசவாளர் சங்கங்கள் நூல் வாங்கும்பொழுது, அதற்குச் சாயமிட்ட சாலை பொதுநிலையத்தில் சேர்ந்ததா என்று கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். விவசாயச் சங்கங்கள் ஐப்பசி மழைக்கு முன்னரே வரத்து வாய்க்காலைத் தூர்வாரி முடித்தல் வேண்டும். கழிவை அகற்றும் செலவு சாயத்தின் விலையிலேயே சேரட்டும். அதை அயலானின் கிணற்றில் பற்று எழுதுவது கூட்டுறவாகாது. அடுத்த வாரவிழாவில் அம்முதியவர் மீண்டும் எழுந்தால், நம்மிடம் விடை இருக்கவேண்டும்.