எரிந்தெழுந்த மண்டபம்



அரண்மனையைப் பற்றிப் பேசப் புகுவோர் அதைக் கட்டிய அரசனிடமிருந்து தொடங்குவது வழக்கம். நான் இன்று நெருப்பை வைத்தே பேச நினைக்கின்றேன். சீன நாட்டின் பெய்ஜிங் நகரில், பொது மக்கள் நுழையலாகாது என்ற தடையால் 'விலக்கப்பட்ட நகரம்' எனப் பெயர் பெற்ற அரண்மனை இருக்கின்றது. அதன் நடுவே, மூன்றடுக்கு வெண்கல் மேடையின்மீது நிற்பது தைஹெதியன். பேரிணக்க மண்டபம் என அதனைத் தமிழில் சொல்லலாம். பேரரசர்கள் அரியணை ஏறிய விழாக்களும் புத்தாண்டு விழாக்களும் நிகழ்ந்த இடம் அது.

மிங் மரபைச் சேர்ந்த யுங்லோ பேரரசர், தலைநகரை நான்ஜிங்கிலிருந்து வடக்கே மாற்றக் கருதி, 1406-இல் இவ்வரண்மனைக்கு ஆணையிட்டார். தென்மேற்கு மலைக்காடுகளில் வெட்டிய 'நன்மூ' என்னும் நெடுமரங்கள் ஆறுகளின் வழியே மிதந்து வந்தன. 1420-இல் பணி முடிந்தது. 1421-ஆம் ஆண்டு மே மாதத்தில் இடி விழுந்து மண்டபம் சாம்பலாயிற்று!

வானத்தின் ஆணை பெற்றே அரசன் ஆள்கின்றான் என்பது அந்நாட்டார் கொள்கை. ஆகவே அது வெறும் இடியன்று, வானத்தின் கண்டனம். கலங்கிய பேரரசர், தம் ஆட்சியின் குறைகளை எடுத்துரைக்குமாறு அதிகாரிகளைக் கேட்டார். தலைநகரை மாற்றியதே குறை என்று சியாவ் யீ என்பவர் துணிந்து எழுதினார்; அவருக்கு மரண தண்டனை கிடைத்தது. கேட்டவருக்கே விடை பொறுக்கவில்லை. மண்டபமோ யுங்லோவின் வாழ்நாளில் மீண்டும் எழவேயில்லை. 1441-இல்தான் எழுந்தது.

1557-இலும் 1597-இலும் மறுபடியும் தீ. மிங் மரபு வீழ்ந்து சிங் மரபு வந்தபின், 1645-இல் இன்றுள்ள பெயர் இடப்பட்டது. பெயர் மாறியதால் விதி மாறவில்லை. 1679-இல் அரண்மனைச் சமையற்கட்டில் பற்றிய தீ மண்டபம்வரை பரவி அதை விழுங்கிற்று.

ஏன் இப்படி? தூண், உத்தரம், கூரைத் தாங்கிகள் அனைத்தும் மரம். போதாக்குறைக்கு, மண்டபத்தின் இருபுறமும் பக்கக் கட்டடங்களோடு அதை இணைத்த தாழ்வாரங்களும் மரமே. விளக்குக்குத் திரிபோல அவை தீயை அழைத்து வந்தன.

1695-இல் மறுபணி தொடங்கியபோது பெரிய நன்மூ மரங்கள் அரிதாகிவிட்டன. பைன் மரத்தைப் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. எழுபது வயது கடந்த லியாங் ஜியூ என்னும் தச்சர், பத்தில் ஒரு பங்கு அளவில் மண்டபத்தின் மாதிரி ஒன்றை மரத்தில் செய்து காட்டினார். அதைப் பார்த்தே மற்றவர் வேலை செய்தனர். 1697-இல் முடிந்த அந்த மண்டபமே இன்று நாம் காண்பது. என் கருத்தில் அதன் சிறப்புப் பொன் அரியணையன்று. தாழ்வாரங்கள் இருந்த இடத்தில் எழுப்பிய செங்கல் மதில்களே. முற்றங்களில் பெரிய உலோகத் தொட்டிகளில் நீர் நிறைத்து வைத்தனர்; குளிர்காலத்தில் அது உறையாதிருக்க அடியில் கரியிட்டுச் சூடேற்றினர்.

1889-ஆம் ஆண்டு ஜனவரியில் மண்டபத்துக்கு முன்னுள்ள பெருவாயில் எரிந்தது. மண்டபம் தப்பியது. ஆனால் குவாங்சூ பேரரசரின் திருமணத்துக்குச் சில வாரங்களே இருந்தன. வாயிலின்றி மணமகள் ஊர்வலம் எப்படி வரும்? கைவினைஞர்கள் தாளும் துணியும் கொண்டு அச்சு அசலாக ஒரு வாயிலைச் சமைத்தனர். 1889 பிப்ரவரியில் திருமணம் நடந்தேறியது. பின்னர் உண்மையான வாயிலைக் கட்டினார்கள், பழையபடி மரத்தாலேயே.