2 டாலர் ஒயினுக்கு முதல் பரிசு... ருசிப்பது நாக்கா, விலைச்சீட்டா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ. அங்கு ஆண்டுதோறும் நடக்கும் மாநிலக் கண்காட்சி ரொம்பவே பிரபலம். அதையொட்டி ஒயின் போட்டி ஒன்றும் நடக்கும். பாட்டில், லேபிள், விலை எதையும் நடுவர்களுக்குக் காட்ட மாட்டார்கள். கோப்பையில் ஊற்றிய ஒயின் மட்டும்தான் மேஜைக்கு வரும். குடித்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்.

2007-ம் ஆண்டு போட்டியில், ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் பிரிவில் மட்டும் சுமார் 350 ஒயின்கள் மோதின. அவற்றில் ஒன்றுக்கு நடுவர்கள் 98 மதிப்பெண்களை அள்ளிக் கொடுத்தார்கள். 'கலிபோர்னியாவின் சிறந்த ஷார்டனே' என்ற பட்டமும் அதற்கே கிடைத்தது.

முடிவு வெளியானபோதுதான் எல்லோருக்கும் அதிர்ச்சி. ஜெயித்த ஒயினின் பெயர் 'சார்லஸ் ஷா'. அப்போது அதன் விலை வெறும் 1 டாலர் 99 சென்ட்! 'டிரேடர் ஜோஸ்' என்ற மளிகைக்கடைச் சங்கிலியில், பாலும் ரொட்டியும் வாங்கப் போகிறவர்கள் அப்படியே கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வரும் சரக்கு அது. அமெரிக்கர்கள் அதற்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'டூ பக் சக்'. 'பக்' என்றால் பேச்சுவழக்கில் டாலர். 'சக்' என்பது சார்லஸின் செல்லப்பெயர். 'ரெண்டு டாலர் சக்' என்று வைத்துக்கொள்ளலாம்.

விருந்துக்கு இந்த பாட்டிலோடு போனால் ஏளனப் பார்வை கிடைக்கும் என்று பயந்தவர்கள் உண்டு. அந்த பாட்டில்தான் 50 டாலர், 100 டாலர் ஒயின்களை ரசிப்பவர்களின் கர்வத்தை உரசிப் பார்த்துவிட்டது.

எப்படி இவ்வளவு மலிவு?

சார்லஸ் ஷா என்று நிஜமாகவே ஒருவர் உண்டு. 1970-களில் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் தயாரிக்கத் தொடங்கியவர். தொழில் நொடித்துப்போக, அந்தப் பெயரை 1990-களில் 'ப்ராங்கோ' என்ற நிறுவனம் வாங்கியது. அதன் தலைவர் ஃபிரெட் ஃபிரான்சியா. 2002-ல் இந்தப் பெயரில் 2 டாலர் ஒயினை இறக்கியவர் அவர்தான்.

எந்த ஒயினும் 10 டாலருக்கு மேல் விற்கக் கூடாது என்பது ஃபிரான்சியாவின் கட்சி. 2022-ல் மறையும் வரை அதிலிருந்து அவர் இறங்கவில்லை. அதற்காக அவரை உத்தமராக்கிவிடவும் முடியாது. மலிவான திராட்சையை உயர்ந்த ரகம் என்று சொல்லி விற்ற வழக்கில், 1990-களில் அவரது நிறுவனம் பெரும் அபராதம் கட்டியிருக்கிறது.

விலை குறைந்ததற்குக் காரணம் எளிது. நாபாவில் நிலத்தின் விலை தங்க விலை. மகசூலும் குறைவு. இந்த ஒயினுக்கான திராட்சை விளைவதோ, வெயில் கொளுத்தும் மத்தியப் பள்ளத்தாக்கில். அங்கே ஏக்கருக்குப் பல மடங்கு விளையும். அறுவடையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பாட்டிலும் எடை குறைவானது. விற்பதும் ஒரே கடைச் சங்கிலியில் என்பதால் நடுவில் கைமாறும் செலவும் குறைவு.

பெரிய வித்தியாசம் பீப்பாயில் இருக்கிறது. விலையுயர்ந்த ஒயின்கள் பலவும் பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறுகின்றன. ஒரு பீப்பாயில் 225 லிட்டர் பிடிக்கும். அதாவது 300 பாட்டில். இன்று ஒரு புதுப் பீப்பாயின் விலை 1,000 டாலரைத் தாண்டும். ஆக, பீப்பாய்க்கு மட்டுமே பாட்டிலுக்கு 3 டாலருக்கு மேல் ஆகிறது. 2007-ல் சார்லஸ் ஷா ஒயினின் மொத்த விலையே அதைவிடக் குறைவாக இருந்தது!

ஒரே ஒயின்... மூன்று மார்க்!

'மலிவு ஒயின் ஜெயித்துவிட்டது, காஸ்ட்லி ஒயின் எல்லாம் ஏமாற்று வேலை' என்று முடித்துவிடலாமா? அங்குதான் கதையில் ஒரு திருப்பம்.

ராபர்ட் ஹாட்ஜ்சன் கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கலிபோர்னியாவில் சின்னதாக ஓர் ஒயின் ஆலை நடத்திவந்தார். அவரது ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்கும். அதே ஒயின் இன்னொரு போட்டியில் ஒன்றுமில்லாமல் திரும்பும். புள்ளிவிவரம் தெரிந்த மனிதர், சும்மா இருப்பாரா? இதே கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியிலேயே ஒரு சோதனையை நடத்த அனுமதி வாங்கினார்.

2005 முதல் நான்கு ஆண்டுகள் அந்தச் சோதனை நடந்தது. நடுவர்கள் வரிசையாக ருசி பார்க்கும் கோப்பைகளில், ஒரே பாட்டிலில் இருந்து ஊற்றிய ஒயினை மூன்று முறை கலந்து வைத்தார்கள். நடுவர்களுக்கு இது தெரியாது. ஒரே ஒயினுக்கு அவர்கள் ஒரே மாதிரி மதிப்பெண் போட வேண்டும் அல்லவா?

போடவில்லை. 90 என்று சொன்ன ஒயினுக்கே சிறிது நேரத்தில் 86, இன்னும் சிறிது நேரத்தில் 94 என்கிற அளவுக்கு மதிப்பெண் ஏறி இறங்கியது. நடுவர்களில் சுமார் 10 சதவிகிதம் பேர்தான் சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். அவர்களும் அடுத்த ஆண்டு தடுமாறினார்கள்.

பிறகு, அமெரிக்காவில் நடந்த 13 ஒயின் போட்டிகளின் முடிவுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றுக்கும் மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்ட ஒயின்களில் 47 சதவிகிதம், ஏதாவது ஒன்றில் தங்கம் வாங்கியிருந்தன. அப்படித் தங்கம் வாங்கியவற்றில் 84 சதவிகிதம், வேறொரு போட்டியில் ஒரு பரிசும் இல்லாமல் வெளியேறியிருந்தன.

சார்லஸ் ஷா வாங்கிய 98 மதிப்பெண்ணையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். அன்றைய தினம், அந்த நடுவர்களுக்கு, அந்தக் கோப்பை பிடித்திருந்தது. பதக்கம் சொல்வது அவ்வளவுதான். காஸ்ட்லி ஒயினின் பாட்டிலில் ஒட்டியிருக்கும் தங்கப் பதக்க ஸ்டிக்கருக்கும் இதே கணக்குதான்.

விலை தெரிந்தால் ருசி கூடும்

சரி, நிபுணர்களை விடுங்கள். சாதாரண ஆட்கள் எப்படி?

2008-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் விலையை மறைத்து நடத்தப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட ருசிப் பதிவுகளை அலசியது. 1 டாலர் 65 சென்ட் ஒயினும் இருந்தது, 150 டாலர் ஒயினும் இருந்தது. விலை தெரியாதபோது, பெரும்பாலானவர்களுக்குக் காஸ்ட்லி ஒயின் கூடுதலாகப் பிடிக்கவில்லை. சொல்லப்போனால், ஒரு துளி குறைவாகவே பிடித்தது.

அதே 2008-ல், கால்டெக் கல்வி நிறுவனத்தில் 20 பேரை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்துக் குழாய் வழியே ஒயின் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் விலை திரையில் வரும். 5 டாலர் ஒயினை ஒருமுறை 5 டாலர் என்றும், இன்னொரு முறை 45 டாலர் என்றும் காட்டினார்கள். 45 டாலர் என்றபோது அது நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வாய் வார்த்தைக்காகச் சொல்லவில்லை. இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாக வேலை செய்தது ஸ்கேனில் தெரிந்தது.

ஆக, விலை பார்த்து ரசிப்பவர்கள் எல்லோரும் நடிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு நிஜமாகவே அது நன்றாகத்தான் இருக்கிறது. நாக்குக்கு முன்னால் கண் குடித்துவிடுகிறது!

கண் செய்யும் குறும்பை பிரான்ஸின் போர்டோ பல்கலைக்கழகத்திலும் பார்த்தார்கள். ஃபிரெடெரிக் ப்ரோஷே என்ற ஆய்வாளர், ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தார். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளிலேயே அதை வர்ணித்தார்கள். இந்த ஆய்வு 2001-ல் வெளியானது.

கர்வம் இடறி விழுந்த இடங்கள்

ஒயின் உலகில் லேபிளைப் பார்த்து மரியாதை கொடுக்கும் பழக்கத்துக்கு விழுந்த பெரிய அடி, 1976 மே 24 அன்று பாரிஸில் விழுந்தது. அங்கே ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் பெயரை மறைத்து மோதவிட்டார். நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சு நிபுணர்கள். கலிபோர்னியா அப்போது யாரும் பொருட்படுத்தாத இடம்.

ருசித்த நடுவர்களில் ஒருவர், ஒரு வெள்ளை ஒயினை வாயில் வைத்ததும் பிரான்ஸுக்கே திரும்பி வந்துவிட்டதாக மெய்மறந்து சொன்னார். அது கலிபோர்னியா ஒயின்! கடைசியில் வெள்ளையில் 'ஷத்தோ மான்டலினா', சிவப்பில் 'ஸ்டாக்ஸ் லீப்' என்று இரண்டு பிரிவிலும் கலிபோர்னியாவே முதலிடம் பிடித்தது. நடுவராக இருந்த பிரெஞ்சு ஒயின் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், தான் எழுதிக்கொடுத்த மதிப்பெண் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டார். ஸ்பரியர் தரவில்லை. ஜெயித்த இரண்டு ஒயின்களின் பாட்டில்களும் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பகட்டுக்குப் பணமாகவும் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ரூடி குர்னியாவான் என்ற இந்தோனேசிய இளைஞர், அமெரிக்கக் கோடீஸ்வரர்களின் ஒயின் விருந்துகளில் நாக்குக்குப் பேர்போனவர். லாஸ் ஏஞ்சலஸ் அருகே இருந்த தன் வீட்டில், விலை குறைந்த ஒயின்களைக் கலந்து, பழைய பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, அரிய ஒயின் என்று விற்றார். பெரும் செல்வந்தர்கள் வாங்கினார்கள், குடித்தார்கள், பாராட்டினார்கள்.

2008-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த அவரது பாட்டில்களில், பான்சோ என்ற பிரெஞ்சு ஒயின் குடும்பத்தின் பெயர் இருந்தது. ஆண்டு 1945 என்றெல்லாம் போட்டிருந்தது. அந்தக் குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்தான்! காட்டிக்கொடுத்தது லேபிளில் இருந்த ஆண்டு. குர்னியாவானுக்கு 2014-ல் 10 ஆண்டுகள் சிறைத்தண்டனை கிடைத்தது.

அப்படியென்றால் எல்லா ஒயினும் ஒன்றுதானா?

இல்லை. மேலே சொன்ன 6,000 பதிவுகளின் ஆய்விலேயே இன்னொரு முடிவும் இருக்கிறது. ஒயின் ருசிப்பதில் முறையாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு, விலை தெரியாமலேயே காஸ்ட்லி ஒயின் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தது. பயிற்சிக்குப் பலன் உண்டு. புளிப்பு, துவர்ப்பு, மர வாசனை, வயது ஆகியவற்றைப் பிரித்துச் சொல்ல நாக்கையும் மூக்கையும் பழக்க முடியும்.

மலிவு ஒயினிலும் சிக்கல் உண்டு. லட்சக்கணக்கில் நிரப்பப்படும்போது, ஒரு தொகுப்பின் ருசி அடுத்த தொகுப்பில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. போட்டியில் ஜெயித்த அதே ருசிதான் கடையில் எடுக்கும் பாட்டிலிலும் இருக்கும் என்று நம்ப முடியாது.

எனவே, நிபுணத்துவத்தையும் பகட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 'இதில் புளிப்பு தூக்கலாக இருக்கிறது' என்று சொல்வது நிபுணத்துவம். அது ஒயினைப் பற்றிய பேச்சு. 'இதையெல்லாமா குடிக்கிறாய்?' என்று கேட்பது பகட்டு. அது எதிரில் இருக்கும் மனிதரைப் பற்றிய பேச்சு.

'சைடுவேஸ்' என்ற 2004-ம் ஆண்டு ஹாலிவுட் படத்தின் நாயகன் இந்த இரண்டின் கலவை. மெர்லோ ரக ஒயின் என்றாலே முகம் சுளிப்பவன். ஆனால், பல காலம் பொக்கிஷமாகப் பாதுகாத்துக் கடைசியில் ஒரு துரித உணவுக் கடையில் தனியாக உட்கார்ந்து அவன் குடிக்கும் 1961-ம் ஆண்டின் 'ஷெவால் ப்ளாங்க்' ஒயின், மெர்லோவும் கலந்து செய்யப்பட்டதுதான்!

நேர்மையாக மதிப்பிடுவது எப்படி?

நாக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. போட்டிகளில் பின்பற்றும் முறையை வீட்டு மேஜையிலும் செய்யலாம்.

* பாட்டில்களைக் காகிதப் பையில் மறைத்து எண் போட வேண்டும். ஊற்றுபவர் ஒருவர், ருசிப்பவர் வேறொருவர்.
* எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கோப்பை, ஒரே அளவு குளிர்ச்சி.
* ஹாட்ஜ்சன் செய்ததுபோல, ஒரே ஒயினை இரண்டு எண்களில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு மதிப்பெண் விழுந்தால், அன்றைய தீர்ப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.
* யாரும் வாய் திறப்பதற்கு முன் அவரவர் எழுதிவிட வேண்டும். முதலில் பேசுபவரின் கருத்து எல்லோர் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும்.
* வினிகர் நெடி, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை இரண்டும் நிஜமான குறைகள். 2 டாலர் பாட்டிலிலும் வரலாம், 200 டாலர் பாட்டிலிலும் வரலாம்.
* விலையைக் கடைசியில் கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விலைக்கு வேலையே இல்லை. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே இல்லை என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஈரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

இந்தக் கதை ஒயினோடு முடிவதும் இல்லை. காபித்தூள், சாக்லேட், ஆலிவ் எண்ணெய் என்று விலைச்சீட்டு முந்திக்கொண்டு பேசும் பொருட்கள் எவ்வளவோ. காசு அதிகம் கொடுத்ததால் பிடித்ததா, பிடித்ததால் காசு கொடுத்தோமா என்று பையைச் சுற்றி ஒருமுறை ருசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிவு எப்படி வந்தாலும், பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. பாரிஸில் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டவரும், முதலில் தன் நாக்கு சொன்னதைத்தான் அதில் எழுதியிருந்தார்!