உங்களுக்குத் தெரியுமா? இரண்டு முறை சூளை ஏறிய பௌத்தக் கிண்ணம்

● திபெத்தின் சாக்யா மடாலயத்தில் காக்கப்பட்டு வந்த ஒரு பீங்கான் கிண்ணம், சீனாவின் மிங் பேரரசர் சுவாந்தே காலத்தைச் (1426–1435) சேர்ந்தது. தாமரைக் குளத்தில் சோடி வாத்துகள் நீந்தும் வண்ணச் சித்திரம் அதில் உண்டு. உள்விளிம்பைச் சுற்றி ஓடுவது சீன எழுத்தல்ல, திபெத்திய எழுத்து!

● இந்த வகை வேலைப்பாட்டின் பெயர் ‘தோவ்சாய்’. சுடாத பீங்கான் மீது கோபால்ட் நீலத்தில் கோடு வரைந்து, மெருகு பூசி, ஏறக்குறைய 1,300 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். பிறகு கோடுகளுக்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள் எனாமல் நிரப்பி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். அதனால் நீலம் மெருகுக்கு அடியில் வழவழப்பாக இருக்கும். மற்ற வண்ணங்கள் விரலுக்குச் சற்றே மேடாகத் தட்டுப்படும்.

● சங்கு, சக்கரம், குடை, வெற்றிக்கொடி, தாமரை, கலசம், இரட்டை மீன், முடிவிலா முடிச்சு ஆகிய எட்டும் பௌத்த மங்கலச் சின்னங்கள். சிங் அரச மரபுக் கிண்ணங்களில் இவற்றை அடிக்கடி பார்க்கலாம்.

● 18ஆம் நூற்றாண்டுக் கிண்ணங்களில் மிளிரும் இளஞ்சிவப்பு, நுண்ணிய தங்கத் துகள்களால் கிடைத்த நிறம்.

● பழம்பொருள் வாங்குவோர் கவனத்துக்கு: அடிப்பாகத்தில் உள்ள பேரரசர் முத்திரையை மட்டும் நம்பிக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். முந்தைய பேரரசர்களின் முத்திரையைப் பிற்காலக் குயவர்களும் பொறித்திருக்கிறார்கள்.